இடக்கைச் சத்தியம்

கடலோரத்தில் இருந்தும் மீன்வாடையைவிட உப்புவாடையே கூடுதலாக அடிக்கிற காட்டுமுனை என்ற ஊரில், புரட்டாசி பிறந்து வெயில் சற்றே சோம்பல்பட்டுக் கிடந்த ஒரு காலையில், வைத்திலிங்கத்தின் மகள் தையல்நாயகியின் இடது கை ஒரு குருவியைப் பிடித்தபடியே மூடிக்கொண்டது. மூடினது மூடினதுதான், ஐப்பசி அடைமழை வரைக்கும் திறக்கவில்லை. ஊரில் அதை யாரும் பெரிதாக வியக்கவில்லை. கை மூடிக்கொண்டதில் என்ன அதிசயம், வாய் மூடியிருந்தால் அல்லவா அதிசயம், அதுவும் தையலுக்கு, என்று டீக்கடையில் யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போனார்கள்.

விஷயம் இப்படி. வருஷா வருஷம் புரட்டாசி வாக்கில் வடக்கேயிருந்து வருகிற பறவைகள் கடலைத் தாண்டும் முன்பு காட்டுமுனையின் முள்ளுக்காட்டில் இறங்கி இளைப்பாறும், அவற்றுக்கு வளையம் போட டாக்டரம்மா என்று ஊரார் சொல்லும் பறவை ஆராய்ச்சிக்கார அம்மாள் வந்து முகாம் போடுவார், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைக் கம்புக்குக் கம்பு கட்டி, சிக்கிய பறவையை நோகாமல் எடுத்து, துணிப்பையில் இட்டு எடை நிறுத்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் குறடால் அழுத்தி மூடி, பறக்கவிடுவார்கள். அந்த முகாமில் பன்னிரண்டு வருஷமாகக் கைதேர்ந்தவள் தையல்நாயகி. பறவை எப்போதும் இடது கையில், கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில், உடம்பு உள்ளங்கைக்குள். குறடு வலது கையில். விடும்போது காற்றுக்கு முகம்காட்டிக் கையை விரிக்க வேண்டும், தூக்கி எறியக் கூடாது. எடுத்த கைதான் விடவும் வேண்டும். இதையெல்லாம் அவள் தூக்கத்தில்கூடச் செய்வாள். ஆனால் அவள் கையால் வளையம் போட்டனுப்பிய குருவி ஒவ்வொன்றும் கடல் தாண்டி, மலை தாண்டிப் போய்வந்துகொண்டிருக்க, முப்பத்தாறு வயதாகியும் அவள் நாகப்பட்டினத்தைத் தாண்டியதில்லை என்பது அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் டாக்டரம்மா ஒரு சேதி கொண்டுவந்தார். இமயமலை அடிவாரத்தில், இந்தப் பறவைகள் கூடு கட்டுகிற காட்டிலேயே நிரந்தரமாக ஒரு முகாம் வருகிறது, அதற்கு ஆள் வேண்டும், கார்த்திகையில் வந்து சேர், என்று. தையல்நாயகி அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று, மூன்று அண்ணன்மாரும் ஆளுக்கொரு திசையாகப் பிழைக்கப் போயாயிற்று, சர்க்கரை வியாதியில் வலது காலின் இரண்டு விரலைப் பறிகொடுத்த வைத்திலிங்கத்துக்கு மிச்சம் இவள் ஒருத்திதான். நாளைக்குச் சொல்லலாம், நாளன்றைக்குச் சொல்லலாம் என்று அவள் தள்ளிப்போட, ஊர் வாயை மூட உலைமூடி ஏது, சேதி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது.

வைத்திலிங்கம் காலைச் சாய்த்துச் சாய்த்து முகாமுக்கே வந்துவிட்டார். அப்போது தையல்நாயகியின் கையில் ஆறுமணிக் குருவி ஒன்று இருந்தது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரட்டை விசில் அடிப்பதால் அதற்கு அந்தப் பேர். பச்சை முதுகு, பழுப்பு மார்பு, வாலடியில் ரத்தச் சிவப்பு, மையிட்டது மாதிரி கண்ணோரத்தில் ஒரு கறுப்புப் பட்டை, வால் இருக்க வேண்டிய இடத்தில் பேருக்கு ஒரு வால். வளையம் போட்டாயிற்று, கையை விரிக்க வேண்டியதுதான் பாக்கி.

"டாக்டரம்மாகூட வடக்கப் போறியாமே?"

"யாருப்பா சொன்னா?"

"ஊரே சொல்லுது. நீதான் சொல்லல."

அவள் குருவியைப் பார்த்தாள்.

"போகலன்னு சொல்லு தாயி."

"போகலப்பா."

"வாயால சொல்றதக் காத்து அள்ளிக்கிட்டுப் போயிடும். ஒன் அண்ணன் மூணு பேரும் வாயாலதான் சொன்னானுவோ. கையில அடிச்சுச் சொல்லு."

உப்பில் வெந்து வெடித்த உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். தையல்நாயகியின் வலது கையில் குறடு இருந்தது. அதைக் கீழே வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் வைக்கவில்லை. இடக்கையால் கொடுத்தது கொடுத்ததாகாது என்பது காட்டுமுனையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். திருநீறானாலும் சரி, வெற்றிலைபாக்கானாலும் சரி, சத்தியமானாலும் சரி. அப்பா மனசும் ஆறட்டும், சத்தியமும் செல்லாமல் போகட்டும் என்று ஒரு கணத்தில் கணக்குப் போட்டு, குருவியோடு இருந்த இடது கைமுட்டியால் அவர் உள்ளங்கையில் பட்டும் படாமல் தட்டி, "ஒங்கள விட்டுட்டு இந்த ஊரு எல்லையத் தாண்டமாட்டேன், போதுமா?" என்றாள்.

போதும் என்று அவர் திரும்பி நடந்தார். அவள் காற்றுக்கு முகம் காட்டிக் கையை விரித்தாள். விரல்கள் அசையவில்லை.

டாக்டரம்மா தேங்காயெண்ணெய் தடவினார், வெந்நீரில் முக்கினார், ஒவ்வொரு விரலாக நெம்பிப் பார்த்தார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது விரல் எலும்பும் குருவி எலும்பும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். குருவிக்கு ஒரு குறையும் இல்லை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு, கொடுத்த புழுவைத் தின்றது, ஆறு மணிக்கு விசிலடித்தது, மணிக்கட்டில் எச்சமிட்டது. அதற்குப் புழு தோண்டியவர் வைத்திலிங்கம். விடிந்ததும் வாழைக்கொல்லையில் குந்தி, மண்ணைக் கிளறி, கொட்டாங்கச்சி நிறையக் கொண்டுவந்து மகள் பக்கத்தில் வைப்பார். மகள் வீட்டிலேயே இருக்கிறாள் என்பதில் அவர் முகத்தில் வந்திருந்த தெளிவைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒற்றைக் கையால் தலை பின்ன முடியாது அல்லவா, அதற்கு வந்தவள் எதிர்வீட்டு மலர்க்கொடி. தையலோடு ஒன்றாய்ப் படித்தவள். அவள் புருஷன் சபாபதி உப்பு லாரி ஓட்டுகிறவன், குடித்தால் கை நீட்டுகிறவன், குடிக்காத நாள் என்று ஒன்று வந்ததேயில்லை. ஒருநாள் அவள் பின்னல் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் தள்ளாடியபடி உள்ளே வந்து, "என்னா தையலு, குருவிச் சாமி ஆயிட்டியாமே? இந்தா, ஒஞ்சாமி மேல சத்தியம், இனிமே சரக்கத் தொடமாட்டேன்!" என்று கேலியாகத் தையலின் மூடின கைமுட்டியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் கடையில் அவன் எடுத்த கிளாஸ் உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. தலையைக் குனிந்தான், கிளாஸ் பின்னால் போயிற்று. இன்னொருத்தனை ஊற்றச் சொன்னான், பல் கிட்டிக்கொண்டது. விடிய விடியக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு பொட்டு உள்ளே இறங்காமல் வீட்டுக்கு வந்து படுத்தான்.

அதன்பிறகு ஊர் சும்மா இருக்குமா? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கிளம்பிவிட்டது. வரப்பை வெட்டமாட்டேன் என்று பங்காளிகள் வந்து அவள் கையில் சத்தியம் அடித்தார்கள், வரப்பில் வைத்த மண்வெட்டி மேலே எழவில்லை. இனி சின்ன வீட்டுப் பக்கம் போகமாட்டேன் என்று ஒருத்தன் அடித்தான், அந்தத் தெருமுனையில் அவன் கால் சேற்றில் புதைந்த மாதிரி நின்றது. மாமியாரை எதிர்த்துப் பேசமாட்டேன் என்று அடிக்க மருமகள்களை இழுத்துவந்தார்கள்; மருமகளைக் குறை சொல்லமாட்டேன் என்று மாமியார் ஒருத்தியும் தானாக வரவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் தையல் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார்த்தி, கை வலிக்காமலிருக்கத் தலையணை வைத்தார். பெண்கள் முட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், குருவியின் எச்சத்தைத் திருநீறு மாதிரி தொட்டுப் பூசிக்கொண்டார்கள். வேறு ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். காலையில் முதல் விசில் அடித்ததும் வரிசை தொடங்கும், மாலையில் கடைசி விசிலுக்குக் கலையும். தட், தட் என்று அவள் கையில் உலகத்துச் சத்தியமெல்லாம் விழுந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்று விழும்போதும் உள்ளே குருவியின் நெஞ்சு ஒருமுறை துள்ளி அடங்கும், அது குருவி நெஞ்சா தன் நாடியா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காட்டில் மற்றப் பறவைகள் கிளம்பிக்கொண்டிருந்தன. டாக்டரம்மா வலைகளைச் சுருட்டினார். போகிற அன்று, "ஒன் எடத்தக் கார்த்திகை வரைக்கும் யாருக்கும் குடுக்கமாட்டேன் தையல், கை தொறந்தா வந்துடு" என்றார்.

"தொறக்கலன்னா மூடின கையோட வரேன்மா" என்றாள் தையல்நாயகி.

சொன்னபடியே ஒரு மத்தியானம் பந்தலிலிருந்து எழுந்து, பையைத் தோளில் மாட்டி, மினி பஸ்ஸில் ஏறினாள். ஊர் எல்லையில் ஒரு வளைவு உண்டு, 'மீண்டும் வருக' என்று எழுதியிருக்கும். பஸ் வளைவைத் தாண்டியது, தையல்நாயகியும் தாண்டினாள், கை தாண்டவில்லை. முட்டி அந்தரத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றுகொள்ள, பஸ் நகர நகர அவள் பின்படிக்கட்டு வரை இழுபட்டு, தொங்கி, சாலையில் விழுந்தாள். அவள் உடம்பு வளைவுக்கு அந்தப் பக்கம், முட்டி வளைவுக்கு இந்தப் பக்கம். "ஏறுறதுன்னா ஏறு, எறங்குறதுன்னா எறங்கு, டைமாவுது" என்று கத்திவிட்டுக் கண்டக்டர் விசில் ஊதினான். புழுதியில் உட்கார்ந்து, கட்டிப்போட்ட கன்று மாதிரி தன் கையைத் தானே இழுத்து இழுத்துப் பார்த்து, அவள் வாய்விட்டு அழுதாள்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தவள் மலர்க்கொடி. வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "நீ போயிட்டா என் கதி என்னான்னு நெனச்சியாடி? கல்யாணம் ஆகி இப்பதான் மொதுகுல தழும்பு இல்லாமப் படுக்குறேன். கையத் தொறந்துடாதடி. ஒன் கால்ல வேணா விழுறேன்." அன்று முதல் அவள் தையலின் நடையிலேயே பாய் போட்டுப் படுத்தாள். சிநேகிதியா, காவலா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஐப்பசி வந்தது. குருவிக்குத் தெற்கே போக வேண்டிய நாள் கடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாலையும் ஆறு மணி விசிலுக்குப் பிறகு அது கடலைப் பார்த்து இழுக்கும், அவள் கை தானாகத் தெற்கே நீளும், தோள்பட்டை கழன்றுவிடுகிற மாதிரி வலிக்கும். சோறு உண்ணும்போதும் கை தெற்கே, படுக்கும்போதும் கை தெற்கே. போகப்போக விசில் மெலிந்தது. ஒருநாள் காலை ஆறுக்கு அது அலகை மட்டும் திறந்தது, சத்தம் வரவில்லை. வைத்திலிங்கம் கொண்டுவந்த புழுவையும் தொடவில்லை.

அன்றைக்கு வரிசையில் முதலாவதாகச் சுமித்ரா என்கிற பெண்ணை அவள் தாய்மாமன் மறுபடியும் இழுத்துவந்திருந்தான். படகுக்காரர் மகன் ஒருவனோடு பேசமாட்டேன் என்று அந்தப் பெண்ணைப் போன மாதமே அடிக்க வைத்திருந்தார்கள். அவனைக் கண்டால் அவள் வாய் திறக்கும், நாக்கு மட்டும் கல்லாகக் கிடக்கும். இப்போது அவனை நினைக்கவும் மாட்டேன் என்று அடிக்க வேண்டுமாம். "மனசுல நெனைக்கிறா, மூஞ்சப் பாத்தாலே தெரியுது" என்றான் மாமன். சுமித்ரா தையலின் முகத்தைப் பார்த்தாள். பந்தலுக்கு வெளியே சபாபதி ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடியில்லாத, குரோதம் மட்டும் மிச்சமான கண்ணோடு மலர்க்கொடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த ஊரில் திருந்தினவர் ஒருவரும் இல்லை, கட்டுண்டவர்கள்தான் இருக்கிறார்கள் என்பது தையல்நாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முட்டியை மடிக்குள் இழுத்துக்கொண்டு, "இன்னிக்கி முடியாது" என்றாள்.

வரிசை முணுமுணுத்தது. அப்போது வரிசையின் கடைசியிலிருந்து, காலைச் சாய்த்துச் சாய்த்து, வைத்திலிங்கம் முன்னால் வந்தார்.

"அந்தக் குருவி சாவப்போவுது" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "எனக்குக் குடுத்த சத்தியத்த நான் திருப்பிக் குடுத்துட்டேன். அவ எங்க வேணா போவலாம்." சொல்லிவிட்டு மகளின் முட்டியில் தன் கையை வைத்து எடுத்தார்.

எல்லாரும் கையைப் பார்த்தார்கள். கை திறக்கவில்லை. வைத்திலிங்கம் இன்னொருமுறை சொன்னார், பிறகு உரக்கச் சொன்னார், பிறகு குலதெய்வத்தின் பேரைச் சொல்லிச் சொன்னார். ஒரு விரல்கூட அசையவில்லை. தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஊருக்கே போன உயிர் திரும்பி வந்தது. மலர்க்கொடி கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

தையல்நாயகிக்கு மட்டும் காரணம் தெரிந்தது. கொடுத்தால்தானே திருப்பித் தர முடியும்? இந்தச் சத்தியம் அப்பா கைக்குப் போய்ச் சேரவேயில்லை. பட்டும் படாமல் தட்டி, கொடுக்கிற மாதிரி காட்டி, தானே வைத்துக்கொண்டது. அன்றையிலிருந்து அவள் கைக்குள்ளேயே கிடந்து அவளைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான். அதை விட வேண்டுமானால் எடுத்த கைதான் விட வேண்டும்.

"அப்பா" என்றாள்.

மலர்க்கொடி என்ன வரப்போகிறது என்று புரிந்துகொண்டு பாய்ந்து வந்து, இரண்டு கையாலும் அந்த முட்டியைப் பொத்திப் பிடித்தாள். "வேணாண்டி. சொல்லாதடி."

"ஒனக்காவத்தான் இத்தன நாளு வாயத் தொறக்கலன்னு சொன்னா அதுவும் பொய்யிடி" என்றாள் தையல்நாயகி. "எனக்கே பயம்." பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னிக்கி நான் எடதுகையால அடிச்சது வேணும்னுதான்ப்பா. செல்லாமப் போவட்டும்னுதான். அப்பவே போறதா முடிவு பண்ணிட்டேன். ஒங்க மேல பாசம் இல்லாம இல்ல. ஆனா எனக்குப் போவணும். ஒங்களத் தனியா விட்டுட்டுத்தான் போவணும். அது தெரிஞ்சுதான் ஆசப்பட்டேன்."

பன்னிரண்டு வருஷமாகச் சொல்ல வராத வார்த்தை அது. சொன்னதும் முதலில் சுண்டுவிரல் விட்டது. மலர்க்கொடியின் பிடிக்குள்ளேயே ஒவ்வொரு விரலாக விரிந்து வர, அவள் எவ்வளவு அழுத்திப் பார்த்தும் முடியாமல், கடைசியில் அவளே கையை எடுத்துவிட்டாள். உள்ளங்கை வெளுத்து, ஊறி, பிறந்த குழந்தையின் தோல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. குருவி அதன் மேல் நின்றது. ஒருமுறை உடம்பைச் சிலிர்த்து, இறகை ஒழுங்கு செய்து, யார் மேலும் கோபமில்லாத மாதிரி சுற்றிலும் பார்த்துவிட்டு, பந்தலுக்கு வெளியே தாழப் பறந்து, வேலியைத் தாண்டி, தெற்கே போயிற்று. பின்னாலேயே மழை இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒளித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சபாபதி டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே கடைப்பக்கம் நடந்தான். பங்காளிகளில் ஒருவன் மண்வெட்டி எடுக்க ஓடினான், இன்னொருவன் ஓடவில்லை. சுமித்ராவின் நாக்கின் கட்டு விட்டுப்போயிற்று. முதல் வார்த்தையைக் காதலனுக்கு வைத்துக்கொள்ளாமல் தாய்மாமனுக்கே கொடுத்தாள், அதை இங்கே எழுத முடியாது. மலர்க்கொடி தையலை ஒரு அறை அறைந்தாள். பிறகு தன் வீட்டுக்குள் போய், கல்யாணமானதிலிருந்து ஒருநாளும் செய்திராத காரியமாக, புருஷன் வெளியே இருக்கும்போதே கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

பந்தலில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். கூரைத்துணி ஒழுகி நாற்காலிகள் நனைந்துகொண்டிருந்தன. தையல்நாயகி விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் வைத்திலிங்கம்.

"சொல்லியிருந்தா விட்டுருப்பீங்களா?"

அவருக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"விட்டுருக்கமாட்டேன்" என்றார்.

"இப்ப?"

"இப்ப கேட்டாலும் மாட்டேன்னுதான் சொல்லுவேன்." மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேக்காமப் போ."

தையல்நாயகி கேட்கவில்லை.